வடக்குப் பார்த்த பால்கனியில் ஆர்க்கிட் பூக்குமா?

கேள்வி, போரூரிலிருந்து. பிப்ரவரி 9

மூணாவது மாடி, வடக்குப் பார்த்த பால்கனி, நாலடி அகலம். பூவோடு வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஒன்றும் டென்ட்ரோபியம் இரண்டும் இருக்கின்றன. இலையெல்லாம் கரும்பச்சையாகப் பளபளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. எங்கே படித்தாலும் "கிழக்கு ஜன்னல் உத்தமம், தெற்கு பரவாயில்லை, வடக்கு வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள். வீட்டைத் திருப்பி வைக்க முடியாது. செடிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பிப்ரவரி 9, இரவு

கொடுக்காதீர்கள். அந்த "வடக்கு வேண்டாம்" லண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்களுக்காக எழுதியது. லண்டன் 51 டிகிரி வடக்கே இருக்கிறது, நியூயார்க் 40. அங்கெல்லாம் நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். சென்னை 13 டிகிரி. பள்ளிக்கூடத்தில் கம்பு நட்டு "நிழலில்லா நாள்" பார்ப்பார்களே, சென்னைக்கு அது ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாலு மாதமும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே. உங்கள் பால்கனிக்கு வெயில் வரும், கோடையில் வரும். இப்போது வராது.

கரும்பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். ஆர்க்கிட்டில் அது வெளிச்சப் பசி. கிடைக்கிற கொஞ்சத்தையும் விடாமல் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. இளம் பச்சை, கொஞ்சம் மஞ்சள் கலந்த மாதிரி இருந்தால்தான் சரியான அளவு. ஓரத்தில் செம்பு நிறம் ஏறினால் எல்லையில் நிற்கிறது என்று பொருள்.

பிப்ரவரி 10

"பால்கனியில் நல்ல வெளிச்சம்தானே இருக்கிறது, உட்கார்ந்து பேப்பர் படிக்கிறோமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பேப்பர் படிக்க 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் சார். நம் கண் ஏமாற்றும். வெளிச்சம் பத்து மடங்கு குறைந்தாலும் கொஞ்சம் மங்கியதாகத்தான் காட்டும்.

எண்ணைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம். மொட்டை மாடியில் உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஃபெலனாப்சிஸுக்கு வேண்டியது 10,000 முதல் 16,000 வரை. கேட்லியாவுக்கு (இதுவும் கீழே வரும் வாண்டாவும் வேறு ஆர்க்கிட் வகைகள்) 20,000 முதல் 35,000. நம்மூரில் விற்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்களுக்கு 25,000க்கு மேல், 40,000 வரை தாங்கும். வாண்டாவுக்கு 40,000க்குக் குறைந்தால் இலை மட்டும்தான். டியூப் லைட் போட்ட ஹால்? 150, 200. டிவி மேல் வைக்கிற ஃபேல் (ஃபெலனாப்சிஸின் சுருக்கப் பெயர்), வாங்கும்போது சேர்த்து வைத்திருந்த சக்தியைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒரு வருடம் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் இளைக்கிறது.

பழைய அமெரிக்கப் புத்தகங்களில் ஃபுட் கேண்டில் என்று போட்டிருப்பார்கள். ஏறக்குறைய 10.8 ஆல் பெருக்கினால் லக்ஸ். பெருக்காமல் படித்தால் 1,200 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஹாலே போதும் என்று நினைத்துவிடுவோம்.

பிப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

லக்ஸ் மீட்டர் இல்லாதவர்களுக்கு: நடுப்பகலில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாகக் கூர்மையான நிழல் விழுந்தால் டென்ட்ரோபியம், வாண்டாவுக்கான இடம். கை என்று தெரிகிறது, ஓரம் மங்கல் என்றால் ஃபேல், கேட்லியா. நிழலே தெரியவில்லையா, மணி பிளான்ட் வைக்கலாம்.

பிப்ரவரி 12

போரூர்க்காரர் செல்போனில் லக்ஸ் காட்டும் ஆப்பால் அளந்து 310 என்று போட்டிருக்கிறார். படத்தைப் பார்த்தேன். சார், போனைக் குப்புறப் பிடித்திருக்கிறீர்கள். அந்த ஆப் முன்பக்கக் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சாரில் அளக்கிறது. திரை வானத்தைப் பார்க்கும்படி, இலை இருக்கும் உயரத்தில், இலை படுத்திருக்கும் சாய்விலேயே பிடியுங்கள். உங்கள் தலை நிழல் விழக்கூடாது. என் பழைய போனும் மீட்டரும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் காட்டுகின்றன, பரவாயில்லை. 4,000மா 14,000மா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். 4,000மா 4,600மா என்பது செடிக்கே தெரியாது.

பிப்ரவரி 12, மாலை

திரும்ப அளந்ததில் கைப்பிடிச் சுவர் மேல் 6,800, உள்சுவர் ஓரம் 1,900. நாலடி தூரத்தில் இவ்வளவு வித்தியாசம். "பால்கனியில் வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் எங்கே என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

நேர் வெயில் இல்லாத நேரத்தில் திசையை மறந்துவிடலாம். செடி இருக்கும் இடத்துக்கு உங்கள் தலையைக் கொண்டுபோய், எவ்வளவு வானம் தெரிகிறது என்று பாருங்கள். மேலே தளம், எதிரே அடுத்த அபார்ட்மென்ட், இடையில் ஒரு துண்டு வானம். அந்தத் துண்டுதான் வரவு. எதிர் கட்டிடம் வெள்ளை பெயின்ட் அடித்து வெயில் பட்டுக்கொண்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். என் வீட்டுக்கு எதிரே இருந்த க்ரீம் கலர் சுவரைச் செங்கல் நிறத்துக்கு மாற்றினார்கள். காலையில் 9,000 காட்டிய இடம் 6,000 ஆகிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது?

கொசுவலையையும் மறக்காதீர்கள். புது வலையே கால்வாசியைத் தின்னும். தூசி படிந்த வலை என்றால் பாதி போய்விடும். வலைக்கு உள்ளே இருக்கும் செடியை வெளியே மாற்ற முடியாவிட்டால் வலையைக் கழுவவாவது செய்யுங்கள்.

பிப்ரவரி 26

பெங்களூர் மேடம் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அவர் வீட்டு ஃபேல் 8,000 லக்ஸிலேயே வருடா வருடம் தண்டு விடுகிறது, ஆக வெளிச்சம் காரணமில்லை என்கிறார். பாதி சரி. ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதைத் தொடங்கி வைப்பது குளிர்ச்சி. சில வாரங்கள் 25, 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் பகல் நேர வெப்பம் இறங்குவதுதான் முக்கியம். பெங்களூரில் அது பாதி வருடம் இருக்கிறது. சென்னையில் மார்கழி, தை மட்டும்தான். அப்போதும் எல்லாச் செடியும் தண்டு விடாது. 28, 29 டிகிரியில் இலை இலையாகத்தான் போட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் குளிர் வந்தாலும் கையில் இருப்பு வேண்டுமே. வருடம் முழுக்க 2,000 லக்ஸில் கிடந்த செடி மார்கழியில் எதை வைத்துப் பூக்கும்? சென்னைக்காரர்களுக்கு அந்த இரண்டு மாத வாய்ப்பை வாங்கத்தான் மற்ற பத்து மாத வெளிச்சம். ஃபேலுக்காகப் பகலில் ஏசி போடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் மனைவி இதைப் படிக்கக்கூடும் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

டென்ட்ரோபியத்துக்கு இந்தக் குளிர் நிபந்தனை கிடையாது. சோனியா மாதிரி வகைகள் சென்னை வெப்பத்திலேயே பூக்கும். போரூர்க்காரரின் இரண்டு டென்ட்ரோபியமும் பூக்காததற்கு முதல் சந்தேகம் வெளிச்சம்தான்.

மார்ச் 17

ஷேட் நெட் (நிழல் வலை) பச்சையா கறுப்பா என்ற பழைய பஞ்சாயத்து மறுபடி. "செடிக்குப் பச்சை பிடிக்கும்" என்று நர்சரியில் சொன்னார்களாம். செடி பச்சையாகத் தெரிவதே அந்த நிறத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால்தான். கறுப்பு வலை எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்கும். பச்சை வலை வழியாகப் பச்சை கொஞ்சம் கூடுதலாகக் கசியும். லக்ஸ் மீட்டரும் நம் கண் மாதிரியே பச்சைக்கு அதிக மதிப்பெண் போடும், ஆகையால் பச்சை வலைக்குக் கீழே எண் கொஞ்சம் தாராளமாகத் தெரியும். தாய்லாந்தின் டென்ட்ரோபியம் பண்ணைகளில் கறுப்புதான் கட்டுகிறார்கள். ஆனால் கறுப்பு சூடேறும், செடிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் கட்டினால் அந்தச் சூடு அப்படியே கீழே இறங்கும். ஏழெட்டு அடி உயரம் விட்டு, பக்கவாட்டைத் திறந்துவிட வேண்டும். உயரம் இல்லாதவர்கள் பச்சையே கட்டிக்கொள்ளலாம், செடி கோபித்துக்கொள்ளாது.

எங்கள் மாடியில் அளந்தது: வெறும் வெயில் 98,000, 50 சதவீத வலைக்குக் கீழே 46,000, 75 சதவீத வலைக்குக் கீழே 23,000. கடையில் போடும் சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள், 50 என்று வாங்கி 65 வந்ததும் உண்டு.

ஏப்ரல் 25

நேற்று மாடியில் தண்ணீர் டேங்க் குழாயின் நிழலைப் பார்த்தேன், குழாய்க்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. சூரியன் வடக்கே தாண்டிவிட்டது.

போரூர் சார், இனிமேல் உங்கள் முறை. ஒரு சின்னக் கணக்கு. ஜூன் 21 அன்று சென்னை உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து பத்து டிகிரிதான் வடக்கே சாய்ந்திருக்கும். உங்கள் மேல்தளம் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது என்றால், அந்தச் சாய்வில் வெயில் உள்ளே நுழைவது ஓரடிதான். சுவர் மேல் இருக்கும் தொட்டிக்கு மட்டும் படும். அது பெரிய ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியது காலையும் மாலையும். ஜூனில் காலை 8 மணிக்குச் சூரியன் கிழக்கிலிருந்து 20 டிகிரி வடக்கே தள்ளி, 30 டிகிரி உயரத்தில் நிற்கும். பக்கச் சுவர் மறைக்காவிட்டால் சாய்ந்து முழு பால்கனிக்குள்ளும் வரும். அது வரப்பிரசாதம். மாலை 4 மணிக்கு ஏறக்குறைய அதே உயரத்தில் மேற்குப் பக்கமிருந்து வரும். அது வேறு விஷயம்.

தெற்கு பால்கனிக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். டிசம்பரில் உச்சிச் சூரியன் 53 டிகிரி உயரம்தான், நாலடி பால்கனியின் உள்சுவர் வரை வெயில் விழும். கத்திரியில் ஊரே வேகும்போது என் தெற்கு பால்கனிக்கு நடுப்பகல் நேர் வெயில் கிடையாது. என் கேட்லியாக்கள் இந்த ஒரே காரணத்தால்தான் மே மாதத்தைத் தாண்டுகின்றன.

மே 8

இலை வெந்த படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு கத்திரிக்கும் இது நடக்கிறது.

முதலில் ஒன்று. தாம்பரத்துத் தோழி "வெளிச்சம் அதிகமாகி எரிந்துவிட்டது" என்கிறார். அவர் ஃபேலுக்குக் கிடைத்தது மாலை வெயில், அரை மணி. அதே அளவு காலை வெயிலில் அதே செடி மார்ச் முழுக்க நின்றது. காலை எட்டு மணி வெயிலுக்கும் மாலை நாலு மணி வெயிலுக்கும் லக்ஸில் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் காற்று 29 டிகிரி, மாலையில் 38. வெந்தது வெப்பத்தால்.

கொஞ்சம் உள்ளே போகலாம். சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து நீராவியை விட்டு உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும். ஃபெலனாப்சிஸ், கேட்லியா, வாண்டா மாதிரி தடித்த இலைக்காரர்கள் பகலில் துளைகளை மூடிவிடுவார்கள். கரியமில வாயுவை இரவில்தான் உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்குவார்கள். மரக்கிளையில் தண்ணீர் இல்லாமல் தொங்கியே வாழ்ந்த பரம்பரை, தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. விலை என்ன? வேர்வை கிடையாது. இலையைக் குளிர்விக்க வெளிக்காற்று ஒன்றே வழி.

போன வாரம் இலையின் வெப்பத்தைத் தொடாமலே காட்டும் கருவியால் அளந்தேன். (கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கி இல்லை, அது 43 டிகிரிக்கு மேல் போனால் கைவிரித்துவிடும், சமையல் எண்ணெய்க்கு அளக்கிற வகை.) காற்று 36. நேர் வெயிலில், காற்றசையாத மூலையில் கேட்லியா இலை 47. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பியதும் கொஞ்ச நேரத்தில் 40க்கு வந்துவிட்டது. வெளிச்சம் துளியும் குறையவில்லை.

கருவி இல்லாவிட்டால் புறங்கையால் இலையைத் தொடுங்கள். சுற்றுக் காற்றைவிட நன்றாகச் சுட்டால் உடனே நகர்த்துங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். முதலில் இலையின் வளைந்த மேட்டுப் பகுதி வெளுக்கும், அடுத்த நாள் பழுப்பு, அப்புறம் தாள் போலக் காய்ந்து கறுப்பு விளிம்பு கட்டும். அந்த இடம் திரும்பப் பச்சையாகாது. இலையை வெட்டவும் வேண்டாம், மீதிப் பாதி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கறுப்பு பரவிக்கொண்டே போய் ஈரமாக, நாற்றமடித்தால் மட்டும் அது அழுகல், வெட்ட வேண்டும்.

வெந்த இலையில் தண்ணீர் தெளிப்பது பற்றி: நடுவெயிலில் தெளித்து ஃபேலின் குருத்தில் நீர் தங்கினால் குருத்து அழுகும். குளிர்ச்சிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் தரையில் ஊற்றுங்கள்.

மே 9

திருவான்மியூரிலிருந்து ஒருவர், தன் மேற்கு பால்கனியில் வாண்டா அருமையாக இருக்கிறது, நீங்கள் மாலை வெயிலை அநியாயமாகத் திட்டுகிறீர்கள் என்கிறார். ஐயா, உங்களுக்கு ஒரு மணிக்கெல்லாம் கடற்காற்று வந்துவிடுகிறது. அது போரூருக்குப் போய்ச் சேர மூணு மணியாகும், சில நாள் வராமலே போகும். ஆக "சென்னைக்கு" என்று மொத்தமாகச் சொல்வதுகூட ஆகாது போலிருக்கிறது. அப்புறம், வாண்டா. அதற்கு மாலை வெயில் ஒரு பொருட்டே இல்லை.

மே 9, பின்குறிப்பு

ஆர்க்கிட் என்றாலே காட்டு இருட்டுச் செடி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்டிருந்தீர்கள். 1830 வாக்கில் இங்கிலாந்தில் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, வெப்பமண்டல ஆர்க்கிட்களுக்கு நல்ல சூடும் ஆழ்ந்த நிழலும் மிகுந்த ஈரமும் வேண்டும் என்று பரிந்துரைத்தார். பணக்காரர்கள் கண்ணாடி வீட்டை இறுக மூடி உள்ளே நெருப்பு மூட்டினார்கள். கப்பல் கப்பலாக வந்த செடிகள் செத்தன. இங்கிலாந்துக்கு ஆர்க்கிட்களின் கல்லறை என்றே பெயர் வந்தது. சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் மாதிரி ஆட்கள் காற்றைத் திறந்துவிட்ட பிறகுதான் செடிகள் பிழைத்தன. அந்த நிழல் ஆலோசனையின் மிச்சம்தான் இன்னும் நர்சரி அட்டைகளில் "லோ லைட்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 20

போரூர் அளவு வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் காலை 8 மணிக்கு 31,000. நிழலில் 11,000. பிப்ரவரியில் 6,800 இருந்த அதே இடம். டென்ட்ரோபியம் இரண்டையும் கிழக்கு மூலைச் சுவர் மேலும், ஃபேலை அதற்கு ஓரடி உள்ளேயும் வைக்கச் சொன்னேன். மேற்கு மூலையில் பழைய வேட்டி ஒன்றை மாலை மூன்றரைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார். வேட்டி நல்ல ஷேட் நெட் சார், ஒற்றைத் துணி பாதி வெளிச்சத்தை விடுகிறது, அதுவும் சீராகப் பரப்பி விடுகிறது. பக்கத்து வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

ஜூலை 6

தலைப்பிலிருந்து விலகுகிறேன். திண்டிவனம் பக்கம் சொந்தக்காரர் மாந்தோப்பில் வாண்டா டெசலேட்டா பார்த்தேன். நம் சமவெளியில் தானாகவே வளரும் ஆர்க்கிட். பழுப்பில் கட்டம் போட்ட இதழ், நீல உதடு, கிட்டப் போனால் வாசனை. எந்தக் கிளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மரத்தின் நடுவயிற்றில், இலை அடர்ந்த இருட்டில் ஒன்றுகூட இல்லை. வெளிக் கிளைகளின் கவட்டில், காலை வெயில் துண்டு துண்டாக விழும் இடத்தில் இருந்தன. வேர்கள் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளி நிறத்தில், மேலெல்லாம் காற்றோட்டம். இலை கொஞ்சம் செம்பு பாய்ந்த பச்சை.

இந்த மரத்தைப் பார்த்தவர்களுக்கு லக்ஸ் மீட்டர் தேவையில்லை.

(பிய்த்து எடுத்து வந்தீர்களா என்று கேட்காதீர்கள். எடுக்கவில்லை. எடுக்காதீர்கள். நர்சரியில் திசு வளர்ப்பில் வந்த வாண்டா கிடைக்கிறது.)

ஜூலை 8

வேர் பற்றிச் சொன்னதும், வேருக்கும் வெளிச்சம் வேண்டுமா, கண்ணாடி மாதிரித் தொட்டி நல்லதா என்ற கேள்வி வந்திருக்கிறது. ஆமாம், ஃபெலனாப்சிஸ் வேரும் பச்சையம் வைத்திருக்கிறது. நனைந்தால் பச்சை தெரிவது அதுதான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி வேருக்கு நல்லது, நமக்கு இன்னும் நல்லது: வேர் வெள்ளியாக இருந்தால் தண்ணீர், பச்சையாக இருந்தால் பொறு. ஆனால் நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்நீர்தான். மண் தொட்டிக்குள் அதை இறக்கி வையுங்கள்.

அக்டோபர் 30

மழை பிடித்துவிட்டது. மூன்று நாளாகக் கைப்பிடிச் சுவர் மேல் பகல் 12 மணிக்கு 3,000 தாண்டவில்லை. பதற வேண்டாம். தண்ணீரைக் குறையுங்கள், காற்று இருக்கட்டும். இந்த மாதங்களில் வெளிச்சப் பற்றாக்குறையால் செத்த செடியைவிடக் குருத்தில் நீர் தேங்கிச் செத்த செடிதான் அதிகம்.

மழை விட்ட மறுநாள்தான் ஆபத்து. ஒரு மாதம் மேகத்துக்குக் கீழே இருந்து இளகிப்போன இலை, திடீரென்று பளிச்சென்று வெயில். தெற்கு பால்கனிக்காரர்களுக்கு நவம்பர் கடைசியில் சூரியன் ஏற்கெனவே தாழ்ந்து உள்ளே வந்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் மே மாதத்தில் தப்பித்த செடி டிசம்பரில் வேகும். மழை முடிந்ததும் முதல் பத்து நாள் மெல்லிய துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

நவம்பர் 3

எல்ஈடி விளக்கில் ஆர்க்கிட் வளர்ப்பது பற்றி. தவிர்த்துக்கொண்டே வந்தேன், விடமாட்டேன் என்கிறீர்கள்.

சிவப்பும் ஊதாவுமாக எரிகிற "க்ரோ லைட்" வாங்காதீர்கள். செடி வளரும், ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை என்ன நிறம் என்றே தெரியாது. வெளுக்கிறதா, பூச்சியா, அழுகலா, எதுவும் கண்ணில் படாது. தெருவில் போகிறவர்களும் வேறு ஏதோ கடை என்று நினைக்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை 20 வாட் பேட்டன் (எல்ஈடி டியூப் லைட்), நாலடி நீளம், 2,000 லூமன், போதும்.

என் அளவு: ஒரு பேட்டன், நேர் கீழே ஓரடியில் சுமார் 2,700 லக்ஸ். அரையடியில் 5,000க்கு மேல். இரண்டு பேட்டன் பக்கத்தில் பக்கத்தில், அரையடி தூரம் என்றால் ஃபேலுக்கு வேண்டிய 10,000 வந்துவிடும். இலை சுடாத வரை கிட்டே வைக்கலாம், இவை அவ்வளவு சுடுவதில்லை.

அடுத்து, எத்தனை மணி நேரம். மழைமானியில் இரவு முழுக்கத் தூறினாலும் அரை மணி கொட்டினாலும் மொத்தம் ஒன்றாகலாம் அல்லவா, செடியின் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான், நாள் மொத்தம். 10,000 லக்ஸ் வெள்ளை எல்ஈடி 12 மணி நேரம் எரிந்தால், செடிக்காரர்கள் சொல்லும் அளவில் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 6 மோல் (விழும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு) வாக்கில் வரும். ஃபேலுக்கு அது கௌரவமான வரவு. 5,000 லக்ஸில் 14 மணி நேரம் போட்டால் நாலுக்குக் கொஞ்சம் கீழே, உயிர் தாங்கும், பூவுக்கு உத்தரவாதம் இல்லை. 24 மணி நேரமும் எரியவிட்டுச் சரிக்கட்ட நினைக்காதீர்கள், இருட்டில்தான் அது கரியமில வாயுவை எடுக்கிறது என்று மே மாதமே எழுதியிருக்கிறேன்.

கரன்ட் செலவு: இரண்டு பேட்டன், 12 மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 29 யூனிட். ஃபிரிட்ஜைவிடக் குறைவு.

நவம்பர் 4

கோவைத் தம்பி, "தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு ஆக வேண்டும், உங்களுக்கு ஏன் இரண்டு மடங்குதான் ஆகிறது, மீட்டர் கோளாறா" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. அந்தத் தூர வர்க்க விதி குண்டு பல்பு மாதிரி ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்துக்கு. நாலடி நீளக் குழாய்க்கு அடியில், அதன் நீளத்தைவிட மிகக் குறைந்த தூரத்தில் இருக்கும்போது, பாதித் தூரத்துக்கு இரண்டு மடங்குதான். குழாயிலிருந்து பத்தடி தள்ளிப் போனால் தம்பியின் விதி வந்துவிடும், ஆனால் அங்கே செடி வைத்து என்ன பயன்?

இதிலிருந்து ஒரு லாபம். குழாய்க்கு அடியில் செடிகள் கொஞ்சம் உயரம் குறைந்தாலும் கூடினாலும் பெரிய நஷ்டமில்லை. பல்பில் இரண்டு அங்குலம்கூட முக்கியம். அதே போல, குழாயின் இரண்டு முனைகளிலும் வெளிச்சம் பாதிதான். அங்கே பேஃபியோபெடிலம் மாதிரி நிழல் பிரியர்களை வையுங்கள்.

டிசம்பர் 12

தெருவிளக்கு ஜன்னல் வழியாக ராத்திரி முழுக்க அடிக்கிறது, பூப்பதைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்.

ஃபேலுக்குக் கவலை வேண்டாம், அது நாளின் நீளத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. கேட்லியாவில் சில வகைகள் பார்க்கும். பிரேசிலின் கேட்லியா லேபியாட்டா பகல் குறுகும்போதுதான் மொட்டு வைக்கும். 1950களிலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் செயற்கையாகப் பகலை நீட்டி அதைப் பூக்கவிடாமல் நிறுத்திக் காட்டினார்கள். சென்னையில் பகல் நீளம் ஜூனில் 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் செடி எண்ணிக்கொண்டிருக்கிறது, அதில் ஹால் லைட்டைப் பதினொரு மணி வரை போட்டுவைத்தால் அதற்குக் கோடை முடியவே இல்லை. லேபியாட்டா ரத்தம் உள்ள கலப்பினம் வருடக்கணக்காகக் கொழுத்து நின்று பூக்காமல் இருந்தால் இரவில் ஒரு திரை போட்டுப் பாருங்கள்.

ஜனவரி 11

வேளச்சேரித் தோழி வரவேற்பறை ஷெல்ஃபில் இரண்டு பேட்டன் பொருத்தியிருக்கிறார், படம் அழகு. இரண்டு திருத்தம். ஷெல்ஃபின் பின்பக்கம் கறுப்பு லேமினேட். அங்கே வெள்ளை சன்மைக்கா துண்டோ தெர்மோகோலோ வைத்தால் பின்வரிசைக்கு நன்றாகவே கூடும், அளந்து பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, கண்ணாடிக் கதவை மூடி வைத்திருக்கிறீர்கள். திறந்துவிட்டு, உள்ளே கம்ப்யூட்டரில் போடும் சின்ன ஃபேன் ஒன்றைப் பொருத்துங்கள், லைட் எரியும் நேரம் முழுக்க ஓடட்டும். டைமர் காலை ஆறு மணிக்குப் போட்டு மாலை ஆறுக்கு அணைக்கட்டும். மேல் தட்டில் இருக்கும் ஆன்சிடியத்தைக் கீழ்த்தட்டு டென்ட்ரோபியத்தோடு இடம் மாற்றுங்கள், இரண்டும் தப்பான வீட்டில் இருக்கின்றன.